கதியால் தந்த நிழல்

முள்ளியவளைச் சந்தியில் பூவரசு வெட்டுகிறார்கள். அந்தப் பச்சை வாசம் மூக்கில் ஏறினாலே எனக்கு எரிச்சல் வரும்.

சின்ன வயதில், அம்மா இங்கே கொளுத்தும் வெயிலில் இருந்து கச்சான் கடலை விற்றார். நிழலுக்கென்று மரம் வளர்ப்புச் சங்கம் ஒரு வேப்பங்கன்று நட்டது. ஆடு கடிக்காமல் சுற்றிவர வேலித் தடிகளாகப் பூவரசங் கதியால்களையும் ஊன்றியது. அம்மா தினமும் ஊற்றிய தண்ணீரில் கதியால்கள் தளிர்த்து மரமாகின. வேம்பு பட்டுப்போனது.

ஆண்டுவிழாவுக்கு வந்த சங்கத் தலைவர் அந்தப் பூவரசிலேயே ‘சங்கம் நட்ட வேம்பு’ என்று பலகை கட்டப் போனார்.

“ஐயா, இது உங்கடை வேலியெல்லோ!” என்று கத்தினேன்.

“பொத்தடா வாயை. பலகை எழுதியாச்சு.”

அம்மா இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. “தலைவர், மேற்காலை கட்டுங்கோ. அங்காலைதான் இன்னும் வெயில் அடிக்குது.”

இன்று வெட்டுவதும் அதே சங்கம்தான். புது வேப்பங்கன்றுக்குக் கதியால் வேண்டுமாம். அம்மா கச்சான் பெட்டியோடு வெயிலில் நிற்கிறார்.