தும்பைக் கட்டில் வந்த வளையம்

2006 கோடையில் என் தும்பைச் சாற்றில் இருக்கக்கூடாத ஒன்று இருந்தது. இரு முனைகளும் இணைந்து வளையமாகிவிட்ட சிறு புரதம். முனை இல்லாததால் நொதிகள் அதை எளிதில் அறுக்க முடியாது. கொதிக்க வைத்தாலும் குலையாது. நான் சோதித்த செடிகளில் அதுவரை ஓரிதழ்தாமரையில் மட்டுமே அது கிடைத்திருந்தது. தும்பையோ துளசிக் குடும்பம், ஓரிதழ்தாமரைக்குத் தூரத்து உறவுகூட இல்லை. உண்மையானால், வளையம் இரண்டு செடிக் குடும்பங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்க வேண்டும். என் ஆய்வேட்டின் முக்கிய அத்தியாயமே அதுதான்.

"எனக்கு நம்பிக்கை வரலம்மா," என்றார் வழிகாட்டிப் பேராசிரியர்.

எனக்கும் வரவில்லை. நோட்டில் சந்தேகங்களை எழுதினேன். கழுவாத குடுவை. முந்தைய சாறு கருவியில் தங்கியது. பக்கத்து மேசைத் தோழி சாற்றை மாற்றி வைத்தது. மூன்றையும் சோதித்து, இல்லையென்று பட்டியலில் அடித்தேன்; தோழியின் பெயரை எழுதியதற்கு வெட்கமாக இருந்தது. மிச்சம் இருந்தது செடி.

அதை நான் பறிக்கவில்லை. வெயிலில் எங்கும் தும்பை காணாததால் சிறுவாச்சூர் கோயில் வாசலில் மூலிகை விற்கும் அக்காவிடம் வாங்கினேன். கட்டின் மேலே வெள்ளைப் பூ தெரிந்தது. பிரித்துப் பார்க்காமல் உலர்த்தி அரைத்துவிட்டேன்.

அந்தக் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும்; அடுத்த வெள்ளிக்கிழமை அரியலூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனேன்.

"அக்கா, போன தடவ தும்பைக் கட்டுல வேற எதுனா வெச்சீங்களா?"

"வெறுங்கட்டு குடுக்குற பொம்பளையா நானு? கொசுறா நாலு ஓரிதழ்தாமர சொருவுனேன். நீ காத்தடிச்சா பறந்துருவ போல இருந்த, ஒடம்பு தேறட்டும்னுதான்."

"இனிமே கொசுறு வேணாங்க்கா."

"கொசுறு வேணாங்குற மொத ஆளு நீதான்டீம்மா. ரொம்பப் படிச்சுட்டியோ?"

பக்கத்துப் பூக்காரி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மழை வந்ததும் வாலிகண்டபுரத்து வரப்பில் தும்பையை நானே ஒவ்வொன்றாகப் பறித்து அரைத்தேன். வளையம் இல்லை. முடிவுகளின் அட்டவணையில் தும்பை வரியை அடித்தேன். அத்தியாயமும் அதோடு போனது.

பிறகு மேல் வரிகளைப் பார்த்தேன். அக்காவிடமே வாங்கிய செடிகள் இன்னும் நான்கு. எல்லாவற்றுக்கும் 'வளையம் இல்லை' என்று எழுதியிருந்தேன். அக்கா வெறுங்கட்டு தருவதில்லை. அவற்றில் என்ன சொருகினாள்? நான் அரைத்தது எந்தச் செடியை, எவ்வளவு என்று எனக்கே தெரியாது.

அந்த நான்கு வரிகளையும் அடித்துவிட்டு, அச்செடிகளை நானே பறித்துவர பஸ் நேரம் பார்க்கக் கிளம்பினேன்.