சகலை வீட்டு ஆம்ப்ளிஃபையர்

என் மனைவியின் அக்காள் புருஷன் தியாகராய நகரில் பாத்திரக் கடை வைத்திருந்தார். நான் மயிலாப்பூரில், லஸ் பக்கத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. மேற்கு மாம்பலத்தில் ஒரு அறையும் சமையல்கட்டும் எங்கள் வீடு. ஒரே குடும்பத்தில் பெண் எடுத்தோம் என்பதைத் தவிர எனக்கும் சகலைக்கும் ஒட்டும் கிடையாது, உரசலும் கிடையாது. அவர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். நான் பி.ஏ. அவர் எதிரில் உட்காரும்போதெல்லாம் அந்தப் பி.ஏ.வை நான் ஒரு தடவை மனசுக்குள் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

எழுபத்தொன்று என்று நினைக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கூடத்தில் புதிதாக ஒரு மேஜை. அதன்மேல் ஒரு ரெக்கார்டு பிளேயர், பக்கத்தில் கனமான இரும்புப் பெட்டி போல ஓர் ஆம்ப்ளிஃபையர், சுவரோரமாக இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள். அடையாறில் குடியிருந்த ஒரு ஜெர்மன்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனதாம். பாத்திரம் வாங்க வந்த இடத்தில் பேச்சு வாக்கில் விலை படிந்திருக்கிறது.

"உள்ள வால்வு எரியுது பாத்தீரா? விளக்கு கணக்கா இருக்கு," என்றார் சகலை. அவருக்கு அதைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

புல்லாங்குழல் இசைத்தட்டு ஒன்றைப் போட்டார். என் மனைவி ஸ்பீக்கருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறியது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அப்படியொரு முகத்தை நான் பார்த்ததில்லை. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் அதில் நாங்கள் யாருமே இல்லை. அக்காள் சாப்பிடக் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை. சகலையோ பாட்டு நடுவிலேயே எழுந்து போய்க் கடைப் பையனிடம் அண்டா கணக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாள்: "குழல் வாசிக்கிறவர் மூச்சு இழுக்கிறதுகூடக் கேட்டுதுங்க. பக்கத்துல உக்காந்து வாசிக்கிற மாதிரி."

"ம்," என்றேன். வீட்டில் எங்களுக்கு ஒரு ரேடியோ இருந்தது. முதல் சம்பளத்தில் வாங்கியது. அன்று ராத்திரி அவள் அதைப் போடவில்லை. அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தால் தி. நகர் போக ஏதாவது ஒரு காரணம் அவளுக்குக் கிடைத்துவிடும். நானும் கூடப் போவேன். பாட்டைக் கேட்க மாட்டேன், அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ராகம் தெரியாத ஒரு மனுஷன் காசைக் கொடுத்து வாங்கிப் போட்ட பெட்டி அவளுக்குக் கொடுப்பதை நான் கொடுக்க முடியவில்லையே என்று வயிறு எரியும். வெளியே சிரித்துக்கொண்டு காப்பி குடிப்பேன்.

ஒரு வருஷம் கழித்து ஒரு ஸ்பீக்கர் கரகரக்க ஆரம்பித்தது. அந்த மாதிரிப் பெட்டியைத் தொடத் தெரிந்தவர் ஊரில் ஒருத்தர்தான் என்றார்கள். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே கடை. கடைக்காரர் முன்பு கப்பலில் ரேடியோ வேலை பார்த்தவர். என் ஆபீஸ் பக்கத்தில் என்பதால் சகலை அந்த வேலையை என்னிடம் ஒப்படைத்தார். "நீரு படிச்சவரு. அவன் என்ன சொன்னாலும் உமக்கு விளங்கும்."

முதல் தடவை பன்னிரண்டு ரூபாயோடு முடிந்தது. அடுத்தது பிளேயர் ஊசி. நாற்பது. அந்த ஊசி தேய்ந்து மறுபடி வாங்கப் போனபோது தொண்ணூறு.

"இன்னா சார் பண்றது? கப்பல்ல வர்றவன் கொண்டாந்தாத்தான் உண்டு. போன வாட்டி நாப்பதுக்குக் குட்த்தான், இப்போ ஏத்திக்கினே போறான்," என்றார் மெக்கானிக். "வெளிநாட்டு மிசின் வாங்கறது பெர்சு இல்ல சார். வெச்சுக் காப்பாத்தறதுதான் பெர்சு."

அந்த வார்த்தையை நான் அப்படியே எடுத்துக்கொண்டு போய்ச் சகலையிடம் சொன்னேன். சொல்லும்போது நாக்கில் தித்திப்பு. ஒவ்வொரு தடவையும் விலை கூடக்கூட எனக்குள் ஒரு சந்தோஷம் கூடிக்கொண்டு வந்தது. தீபாவளிக்கு முன்பு ஒரு வால்வு போனது, நான் ஆபீஸில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கென்று யாருக்கும் சொல்லவில்லை.

எழுபத்துநாலில் ஒரு நாள் மின்சாரம் ஏறி இறங்கியதில் ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனது. டாக்சியில் ஏற்றி மயிலாப்பூர் கொண்டுபோனேன். மெக்கானிக் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"காயில் தீஞ்சு பூட்ச்சு சார். புச்சா சுத்தணும். செம்புக் கம்பி வெலை எங்கியோ கீது. நூத்தி அறுவது ஆவும்."

பஸ்ஸில் தி. நகர் போகிற வரைக்கும் நூற்றறுபது என்றுதான் மனசில் இருந்தது. கூடத்துக்குள் நுழைந்தால், என் மனைவி எனக்கு முன்பே அங்கே வந்து உட்கார்ந்திருந்தாள். "என்ன சொன்னாருங்க? சரியாயிடுமா?" என்று பதறிக்கொண்டு எழுந்து வந்தாள். எனக்கு டைபாய்டு வந்தபோது டாக்டரிடம் கேட்ட அதே குரல்.

"நானூறு ஆகுமாம்," என்றேன். "அப்படியே செஞ்சாலும் எத்தனை நாளைக்கு ஓடும்னு சொல்ல முடியாதாம்."

நானூறு என்பது என் ஒரு மாதச் சம்பளம். சகலை கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார். "யோசிப்போம்," என்றார். அவ்வளவுதான். ஒழிந்தது சனியன் என்று எனக்கு மனசு லேசாகிவிட்டது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

நாலு நாள் கழித்து ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. பிளேயரும் ஸ்பீக்கர்களும் அதில். சகலை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"எங்க வீட்டுல இதை யாரு கேக்கா? உம்ம வீட்டுல கேக்க ஆளு இருக்கு. மயிலாப்பூர்ல கெடக்கறதையும் நீரே எடுத்துச் சரிபண்ணி வச்சுக்கிடும், சகலை."

"ஐயோ, எதுக்கு..." என்று நான் இழுத்தேன்.

"சவத்த விடும், பேசாம இரும்." ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு அதே வண்டியில் போய்விட்டார்.

ஆபீஸ் சொசைட்டியில் கடன் வாங்கினேன். நானூறு என்று வீட்டில் சொல்லியிருந்ததால் நானூறே வாங்க வேண்டியிருந்தது. நூற்றறுபதை மெக்கானிக்குக் கொடுத்து, மீதியை ஆபீஸ் மேஜை இழுப்பறையில் ஒளித்து வைத்தேன். பெட்டி எங்கள் ஒற்றை அறையில் பாதியை அடைத்துக்கொண்டு பாடியது. என் மனைவியின் முகம் மறுபடி அப்படி மாறியது, இந்தத் தடவை என் வீட்டிலேயே. பாட்டு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்ன முதல் வார்த்தை: "அத்தான் மனசு யாருக்கு வரும்?"

பெட்டி வந்தால் பொறாமை போய்விடும் என்று நினைத்தேன். அது பெட்டியை விட்டு இறங்கி ஆளின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி டிரான்ஸ்ஃபார்மர். கனம் தூக்க முடியாமல் மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தேன். நான் காப்பிப்பொடி வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் அவர் வந்துவிட்டார். திரும்பி வரும்போது அவர் பேசிக்கொண்டிருந்தது படியிலேயே கேட்டது.

"அப்போ நூத்தி அறுவதுல முட்ச்சுக் குட்த்தேன்மா. இப்போ அதே வேலைக்கு நானூறு ஆவுது. எல்லாம் ஏறிப்போச்சு."

"அப்போ நானூறு இல்லையா?" என்றாள் என் மனைவி.

"நானூறா? அவ்ளோ வாங்கியிருந்தா நான் ஏம்மா படிக்குக் கீய குந்தினு கீறேன்?"

நான் காப்பிப்பொடியோடு வாசலில் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். மெக்கானிக் போகும்வரை ஒன்றும் கேட்கவில்லை. போன பிறகும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் புடவையை மாற்றிக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போனாள். அங்கே எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறாள் என்று தெரிந்தது. ஆபீசுக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"அத்தானுக்கு அன்னைக்கே தெரியுமாம். நீங்க சொன்ன மறுநாளே மயிலாப்பூர் போய்க் கேட்டிருக்கார்."

"அப்புறம் ஏன்...?"

"சகலைக்கு அது மேல ரொம்ப ஆசை போலிருக்கு, கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு இப்படிச் சொல்றாருன்னு நெனச்சாராம். சிரிக்கிறார். திருப்பித் தந்துடறோம்னேன், வேண்டாம்னுட்டார்." என்னை நிமிர்ந்து பார்த்து, "ஆசையாலதான் சொன்னீங்களா?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சகலை எனக்கு வழி போட்டுக் கொடுத்திருந்தார். "இல்லை," என்றேன். "அது ஒழியணும்னு நெனச்சேன். அதைக் கேக்கும்போது நீ இருக்கிற மாதிரி என்கிட்ட ஒரு நாளும் இருந்ததில்லை."

அவள் கழற்றிய செருப்பை ஓரமாக ஒதுக்கி வைத்தாள். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அந்த விஷயத்தை அதற்கப்புறம் நாங்கள் பேசியதில்லை.

இழுப்பறையில் இருந்த மிச்சத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அதோடு இன்னும் கொஞ்சம் போட்டு, மெக்கானிக் இப்போது கேட்ட நானூறைக் கொடுத்தோம். அதற்குப் பிறகு ஊசி நூற்றைம்பது ஆயிற்று, வால்வு கிடைப்பதே பாடாயிற்று, மெக்கானிக் வந்து மூடியைத் திறந்து பார்ப்பதற்கே இருபது ரூபாய் கேட்டார். நான் முகம் சுளிக்காமல் கொடுத்தேன். புதுச் சட்டை தைப்பதைத் தள்ளிப்போட்டேன், பஸ்ஸை விட்டுவிட்டுப் பாதி தூரம் நடந்தேன். அதை அவள் கவனித்தாளா என்று தெரியாது.

சகலை சில ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார். கடையை மூத்த மகனிடம் விட்டுவிட்ட பிறகு அவருக்கு நேரம் இருந்தது. "எதையாச்சும் போடு தாயி," என்று ஜன்னலோர நாற்காலியில் சாய்வார். இரண்டாவது பாட்டு வருவதற்குள் குறட்டை வந்துவிடும். என் மனைவி எழுந்து போய், அவர் தூக்கம் கலையாதபடி சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, அந்தக் குறைந்த சத்தத்திலேயே காதை நீட்டிக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

எதிரே கட்டிலில் நான் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.