கட்டை மேல் ஓடிய லாரி

1. தந்தி

மூவாரிலிருந்து தந்தி வந்தபோது நான் ஜொகூர் பாருவில் எங்கள் சங்கத்தின் ஆண்டறிக்கைக்கு அச்சகம் அனுப்பியிருந்த புரூஃபைத் திருத்திக்கொண்டிருந்தேன். "லாரி ஆற்றில் விழுந்தது. டிரைவர் ஆஸ்பத்திரியில். உடனே வரவும்." அவ்வளவுதான். அனுப்பியவர் மூவாரில் மரக்கடை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே என்போம். டிரைவர் காளிமுத்து. அவனை அந்த வேலைக்கு அனுப்பியவன் நான்.

தந்தியில் மற்றவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பத்து நாளைக்கு முன்னால்தான் காளிமுத்து யாரையோ எழுதச் சொல்லி எனக்கு ஒரு கார்டு போட்டிருந்தான். பலகை ஏற்றி, அதற்கு மேலே பன்னிரண்டு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு தினமும் ஆற்றைக் கடப்பதாக அதில் இருந்தது. அதைப் படித்து அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். இப்போது அந்தக் கார்டைத் தேடி எடுத்து, பன்னிரண்டு என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சங்கத் தலைவர் தந்தியை வாங்கிப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். ஜொகூர் பாருவில் மளிகைக்கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர்தான், ஆனால் சங்கத்தின் பெயருக்கு ஒன்று என்றால் அவருக்கு மற்றதெல்லாம் பிறகுதான்.

"போயிட்டு வாங்க கிராணி. ஆனா ஒண்ணு. வருச மகாசபைக்குத் தொரைங்க வர்றாங்க. அது முடியிற வரைக்கும் இதப் பத்தி வாயே தொறக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

எங்கள் ஊரில் குமாஸ்தாவுக்குக் கிராணி என்று பெயர். நான் அந்தச் சங்கத்துக்கு ஒரே கிராணி.

2. சங்கம் செய்த வேலை

ரப்பர் விலை விழுந்த ஆண்டுகளைப் பற்றி இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். தோட்டங்கள் ஆட்களைக் குறைத்துக்கொண்டே வந்தன. காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய் வரிசையில் நின்றவனிடம், உனக்கு வேலை இல்லை என்று கங்காணி சொன்னால் அவ்வளவுதான். வேலை இல்லாதவர்களைப் பட்டியல் போட்டு இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். யாராவது வேலை கொடுத்ததாகக் கடிதம் காட்டினால் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பார்கள்.

அந்தக் கடிதத்துக்காகத்தான் எங்கள் சங்கம் தொழில் பழக்கத் தொடங்கியது. ரப்பர்ப் பால்மரம் வெட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாதவர்களுக்குத் ஜொகூர் பாருவை அடுத்த தம்போயில் ஒரு கொட்டகை போட்டு லாரி ஓட்டவும், தச்சு வேலையும், தையலும் சொல்லிக் கொடுத்தோம். பழகி முடித்தவனுக்கு நான் ஒரு சீட்டு எழுதுவேன். இவன் இந்தத் தொழிலை நன்றாக அறிந்தவன், ஒழுக்கமுள்ளவன் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி, கீழே தலைவர் கையெழுத்து. அந்தச் சீட்டுக்கு ஜொகூர் முழுக்க மதிப்பு இருந்தது. ஆண்டு முடிவில் எத்தனை பேருக்குச் சீட்டு கொடுத்தோம், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று அறிக்கை எழுதுவதும் நான்தான்.

லாரி பழக்கிய விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். எங்களிடம் இருந்தது ஒரு பழைய லாரி. இன்ஜின் ஓடும், ஆனால் டயர் கிடையாது. ஆகவே அதை நான்கு மரக்கட்டைகள் மேல் தூக்கி நிறுத்தியிருந்தோம். பழகுகிறவன் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்வான், கிளச் மிதிப்பான், கியர் மாற்றுவான், பிரேக் போடுவான். சக்கரம் அந்தரத்தில் சுற்றும். நிஜமாக ஓடுகிற லாரி வெள்ளிக்கிழமை மதியம் மட்டும்தான் கிடைக்கும். ஒரு ராவுத்தர் முதலாளி தொழுகைக்குப் போகும் நேரத்தில் தம்முடைய லாரியை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் திரும்பி வருவதற்குள் ஒவ்வொருவனும் தம்போய் சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். போலீஸ் லைசென்சுக்கும் பட்டணத்துக்குள் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினால் போதும்.

இப்படியே மூன்று மாதம் பழகினால் சீட்டு. அதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

3. பதினோராவது ஆள்

காளிமுத்துவுக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். பேச்சு குறைவு. சொன்னதை இரண்டு தடவை செய்து பார்க்கிறவன். பழக வந்து ஆறாவது வாரம் அவன் மனைவி செல்லம்மா சங்கத்துக்கே வந்துவிட்டாள். நிறைமாதக்காரி.

"ஐயா, அடுத்த கப்பலுக்கு எங்க பேர எழுதிட்டாங்க. இந்த வயித்தோட நான் எப்படிப் போவேன்? அங்க எனக்கு யாரத் தெரியும்? நான் பொறந்ததே பொந்தியான் பக்கம் தோட்டத்துல. கப்பல்ல ஏத்திராதீங்க ஐயா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன். பயந்த கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அந்த வாரம்தான் மூவார் தவுக்கே லாரி டிரைவர் வேண்டும் என்று எழுதியிருந்தார். காளிமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இன்னும் ஆறு வாரம் பாக்கி இருக்கே ஐயா. சமாளிச்சிருவேனான்னு தெரியலையே" என்றான்.

"லைசென்ஸ் வாங்கிட்டல்ல? மத்தது ஓட்ட ஓட்ட வந்துரும். தைரியமா போ" என்றேன்.

சீட்டு எழுதினேன். தொழிலை முழுவதும் பழகி முடித்தவன் என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன். செல்லம்மாவுக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. முந்தின ஆண்டு பத்து டிரைவர்களை அனுப்பியிருந்தோம். இந்த ஆண்டும் பத்தில் நின்றிருந்தது. "ஒண்ணாவது கூட இருக்கணும் கிராணி, வளர்ச்சி தெரியணும்" என்று தலைவர் அரித்துக்கொண்டே இருந்தார். காளிமுத்து பதினொன்று. அந்த எண்ணை எழுதியபோது எனக்குப் பெருமையாக இருந்ததை மறைத்தால் இந்தக் குறிப்பை எழுதுவதில் அர்த்தமில்லை.

4. பத்து பகாட் துறையில்

மூவாருக்கு பஸ் மாறி மாறிப் போக வேண்டும். ஏறி உட்கார்ந்ததிலிருந்து பன்னிரண்டு பேர்தான் மனதில். ஆண்களா, பெண்களா? நீந்தத் தெரியுமா? தோட்டத்தில் வளர்ந்த நம் ஆட்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்டார், நான் சம்பந்தமில்லாமல் தலையாட்டினேன். போலீஸ் அந்தச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்டால் என்ன சொல்வது என்றும் யோசித்தேன். பன்னிரண்டு பேரை நினைத்துக்கொண்டிருந்தவன் நடுவில் என் தலையையும் நினைத்தேன். பயம் அப்படித்தான், வெட்கமில்லாதது.

வழியில் பத்து பகாட் என்ற ஊரில் ஆற்றைக் கடக்கப் படகுத்துறையில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். கடல் நீர் இறங்கி ஆறும் வற்றியிருந்த நேரம். வண்டிகளையே ஏற்றிச் செல்லும் தட்டைப் படகு கீழே கிடந்தது. கரையிலிருந்து அதற்குப் போட்டிருந்த பலகைச் சரிவு கூரை மாதிரி செங்குத்தாக இறங்கியது. பலகை முழுக்கச் சேறு.

எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு மீன் லாரி இறங்கியது. ஒரு மலாய்க்கார டிரைவர். முதல் கியரைப் போட்டு, இன்ஜின் உறும உறும, ஆமை வேகத்தில் இறக்கினார். அவருடைய கெலிண்டான், அதாவது லாரியோடு கூடப் போகும் உதவியாள், சக்கரத்துக்கு முன்னால் தடுப்புக்கட்டையைப் பிடித்தபடி பக்கத்திலேயே நடந்து வந்தான்.

ஜொகூர் பாருக்காரர்களான எங்களுக்குச் சிங்கப்பூர் போவதற்குக் கல்லில் போட்ட நேர் பாலம் இருக்கிறது. தண்ணீரைக் கடப்பது என்றால் எங்களுக்கு அதுதான். மூவார் மாதிரி ஆற்றோரத்து ஊர்களில் லாரியைப் படகில் இறக்க வேண்டும் என்பதே எங்கள் மண்டையில் ஏறவில்லை. அதைவிட மோசம் ஒன்று. கட்டை மேல் நின்ற லாரியில் நாங்கள் சொல்லிக் கொடுத்தது, நிறுத்த வேண்டுமென்றால் முதலில் கிளச்சை மிதி, பிறகு பிரேக் போடு என்பது. சரிவில் கிளச்சை மிதித்தால் இன்ஜினின் பிடி விட்டுப்போகும். பாரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடும். சக்கரம் அந்தரத்தில் சுற்றும் லாரியில் அது யாருக்குத் தெரியப்போகிறது? காளிமுத்துவை நாங்களே கைபிடித்து ஆற்றில் தள்ளியிருக்கிறோம் என்று நினைத்தேன். படகில் ஏறவே மனம் வரவில்லை. மீன் லாரியின் கெலிண்டான்தான் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான்.

5. மூவாரில்

ஆஸ்பத்திரி வாசலில் செல்லம்மா குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"மத்தவங்க?" என்று கேட்டேன்.

"எந்த மத்தவங்க ஐயா?"

"வண்டியில இருந்த ஆளுங்க. பன்னிரண்டு பேரு."

"யாரும் இல்லையே ஐயா. அவரு தொறைக்கு வந்ததும் எல்லாரையும் எறக்கி விட்டுருவாரே. நடந்து போயி படகுல ஏறுங்கன்னு தெனமும் எறக்குவாரு. பயந்தாங்கொள்ளின்னு எல்லாரும் கேலி பண்ணுவாங்க."

நான் அந்த வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாய்விட்டு அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

காளிமுத்து உள்ளே கட்டிலில் கிடந்தான். இடது கை முறிந்து மரச்சிம்பு வைத்துக் கட்டியிருந்தார்கள். நான் நினைத்தபடியேதான் நடந்திருந்தது. மற்ற நாட்களில் நீர் ஏறியிருக்கும்போது கடந்ததால் சரிவு குறைவு. அன்றைக்கு நீர் வற்றியிருந்தது. பாதிச் சரிவில் கிளச்சை மிதித்தான். லாரி படகின் மேலே ஓடி, மறுமுனையில் தடுப்புக்குக் கட்டியிருந்த சங்கிலியை அறுத்துக்கொண்டு ஆற்றில் போய் விழுந்தது. படகுக்காரர்கள் குதித்து அவனை இழுத்துப் போட்டார்கள்.

"அத்தன பயம் இருந்துச்சே, யாருகிட்டயாவது கேட்டிருக்கலாமேடா. வேற டிரைவருங்க இருக்காங்கல்ல?" என்றேன்.

அவன் முறியாத கையை ஊன்றி என் பக்கம் திரும்பினான்.

"சீட்டுல எல்லாம் தெரியும்னு எழுதியிருக்கு ஐயா. நான் போயி தெரியாதுன்னு கேட்டா, சங்கம் பொய் சொல்லிருச்சுன்னு ஆயிராதா? அப்புறம் உங்க சீட்ட எவன் நம்புவான்? எனக்குப் பின்னால தம்போயில இன்னும் எத்தன பேரு நிக்கிறாங்க."

என் பொய்யைக் காப்பாற்ற அவன் தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சரிவில் இறங்கியிருக்கிறான்.

அடுத்த பயம் தவுக்கே. அவர் வேலையை விட்டு நீக்கினால் மறுபடியும் பட்டியல், மறுபடியும் கப்பல், இப்போது கைக்குழந்தையோடு. மரக்கடையில் அவர் என் சீட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"லூ தூலிஸ், டியா பண்டாய்" என்று சீட்டில் விரலால் தட்டினார். நீதானே அவன் கெட்டிக்காரன் என்று எழுதினாய் என்கிறார்.

தலைவர் வாயைத் திறக்காதே என்று சொன்னது நினைவிருந்தது. ஆனாலும் எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆறு வாரம்தான் பழகினான், படகில் லாரி இறக்க நாங்கள் சொல்லித் தரவில்லை, குற்றம் அவனுடையதல்ல, இந்தக் காகிதத்தினுடையது என்றேன்.

தவுக்கே சீட்டைக் கையில் எடுத்தார். பிறகு, லாரியைத் தூக்கிவிடலாம், அந்தப் பன்னிரண்டு பேரும் உள்ளே இருந்திருந்தால் உன்னால் தூக்க முடியுமா என்று கேட்டார். ஆட்களை இறக்கிவிட்டவனை வேலையை விட்டு அனுப்ப மாட்டேன், கை சரியாகட்டும், கொஞ்ச காலம் கெலிண்டானாக இருந்து பழகட்டும் என்றார். கடைசியில் சீட்டைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தை என் முன்னால் தள்ளினார். அவனுக்கு என்ன தெரியாது என்று இங்கே எழுது என்றார்.

எழுதினேன். சரிவில் பாரத்தோடு இறக்கிப் பழக்கமில்லை. படகில் ஏற்றிப் பழக்கமில்லை. இரவில் ஓட்டியதில்லை. எழுத எழுதப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஊருக்குத் திரும்புமுன் ஆஸ்பத்திரிக்குப் போய் அதைக் காளிமுத்துவுக்குப் படித்துக் காட்டினேன்.

6. மகாசபை

புரூஃபில் பதினொன்றை அடித்துப் பத்து என்று திருத்தினேன். தலைவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. எனக்கும் வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். போனால் நானும் அந்தப் பட்டியலில் நிற்க வேண்டியவன்தான்.

சபையில் தோட்டத் துரைமார், கடை முதலாளிகள், பழகுகிற ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். அறிக்கையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். இந்த ஆண்டு பத்து டிரைவர்கள், பதினோராவது ஆளை முழுதாகப் பழக்காமல் அனுப்பிவிட்டோம், இனி ஒவ்வொரு சீட்டின் பின்பக்கத்திலும் தெரியாததையும் எழுதுவோம் என்று படித்து முடித்தேன். ராவுத்தர் முதலாளிதான் எழுந்தார்.

"கிராணி, தெரியாதத எழுதிக் குடுத்தா எவன்யா வேலை குடுப்பான்? அந்தச் சீட்டால யாருக்கு என்ன லாபம்?"

நான் எடுத்து வைத்திருந்த நியாயங்கள் எல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோயின. பின்பக்கத்தைப் படித்துக் காட்டியபோது காளிமுத்து கட்டிலில் கிடந்தபடி சொன்னதை மட்டும் அப்படியே சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

"இத மொதல்லயே எழுதியிருந்தா, நான் பயப்படாம யாருகிட்டயாவது கேட்டிருப்பேனே ஐயா."