வெறும் சேற்றில் தெரிந்த வெடி

துறைமுகத்தில் அவளை எல்லாரும் ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். கடலடிக்குப் போய்ச் சேற்றைத் தோண்டி, ஒன்றைப் புதைத்துவிட்டுத் தடம் தெரியாமல் மேலே வருவது அவள் வேலை. புதைப்பது முட்டையல்ல, கண்ணிவெடி போலவே வார்த்த இரும்புப் பீப்பாய். உள்ளே மருந்து இருக்காது. புதிதாகச் செய்த கருவி அதைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்கத்தான் இந்தப் பாடு.

அந்தக் கருவி படகின் பின்னால் நீருக்குள் இழுபட்டு வரும் ஒரு சட்டம். அதிலுள்ள கம்பிச்சுருள் மின்காந்தத் துடிப்பை அனுப்பும். சேற்றுக்குள் இரும்பு இருந்தால் மெலிதாகப் பதில் வரும். அந்தப் பதில் தேய்ந்து அடங்கும் விதத்தை வைத்து, வெடியா பழைய நங்கூரமா என்று திரை சொல்லிவிடும். புதைத்த இடம் அவளுக்கும் பரிசோதனை அதிகாரிக்கும் மட்டுமே தெரிய வேண்டும் என்பது விதி. படகோட்டிக்கும் தெரியும்தான். ஆனால் படகோட்டி அவள் புருஷன். அவனை அவள் வேறு ஆளாக எண்ணியதே இல்லை.

முதல் பரிசோதனையில் கருவி ஒன்று விடாமல் கண்டுபிடித்தது. எல்லாரையும்விட அவளுக்குத்தான் சந்தோஷம். நாளைக்கு நிஜ வெடியைத் தேடும்போது அந்தத் திரையை நம்பிக் கீழே இறங்கப் போகிறவள் அவள்தானே.

இரண்டாம் பரிசோதனைக்கு முன் ஒரு பீப்பாயை நீரோட்டம் புரட்டிப் போட்டுவிட்டது. புருஷன் காய்ச்சலில் கிடந்ததால் வேறு படகில் போய், அதை எடுத்து எட்டத்தில் புதைத்தாள். அதிகாரியிடம் சொன்னாள். புருஷனிடம் சொல்லத் தோன்றவில்லை.

பரிசோதனையன்று கருவியைச் செய்த கம்பெனிக்காரர் திரையில் விரலை வைத்தார்.

"இதோ பாரும்மா, இங்க ஒண்ணு. பீப்பாய் வடிவம், ஒரு முழ ஆழம்."

அது அவள் காலி செய்த இடம். அங்கே வெறும் சேறு.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார்."

"மெஷின் பொய் சொல்லாதும்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள். காய்ச்சல் தேறி, படகின் சுக்கானைப் பிடித்திருந்த புருஷன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். பழைய இடம் தெரிந்து, மாற்றியது தெரியாதவன் அவன் ஒருவன்தான்.

கட்டிக்கொண்ட நாளிலிருந்து 'ங்க' போட்டே பேசியவள், வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "கம்பெனிக்காரங்ககிட்ட இடத்தை எதுக்குச் சொன்ன?"

"அவங்க படகுல நிரந்தர வேலை தர்றேன்னாங்க. டம்மிதானே, யாருக்கு என்ன நஷ்டம்?"

"அந்த மெஷின் 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்ற இடத்துல நிஜ வெடி இருந்தா, அது மேல கைய வைக்கப் போறது யாரு?"

அது அவனுக்குத் தோன்றாமல் இல்லை, தோன்றியதைத் தள்ளி வைத்திருக்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் அதிகாரியிடம் போய், புதைத்த இடங்கள் கம்பெனிக்காரருக்குத் தெரிந்துவிட்டதைச் சொன்னாள். அவர் கேட்டார்:

"இடத்தைச் சொன்னது யாருன்னு தெரியுமா?"

"எங்க வீட்டுக்காரர்."

வேறு படகில் போய் எல்லாவற்றையும் புதிதாகப் புதைத்தாள். கருவி பாதிக்கு மேல் கோட்டை விட்டது. அதைத் திருப்பி அனுப்பினார்கள். புருஷனுக்குத் துறைமுக வேலை போயிற்று.

மாமியார் வந்து பொரிந்து தள்ளினாள். "கட்டினவனையே காட்டிக் குடுத்துட்டியேடி!"

"அவர் என்னைக் காட்டிக் குடுத்தாரே அத்தை, அதை ஏன் யாருமே கேக்கல?"

இன்னும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஒருநாள் சாப்பிடும்போது, பழைய பழக்கத்தில் அவன் கேட்டான்: "இன்னைக்கு எந்தப் பக்கம் இறங்கின?"

அவள் பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.