பெறாந்தியும் பர்னாந்தும்

வேப்பம் பலகையைச் சீவும்போது எழும் அந்தக் கசந்த மணம், கடற்காற்றின் உப்போடு கலந்து எங்கள் வீட்டு முற்றம் வரை வரும். வந்தால், குருநகர்க் கோயில் வளவுக்குள் இருந்த தச்சுப் பட்டறையில் 'பிறதர்' வேலையைத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். அவர் இத்தாலி தேசத்துத் துறவி. பூசை வைக்கும் குருவானவர் அல்ல, கோயிலில் சனம் இருக்க வாங்கு, அலுமாரி, பிரேதப் பெட்டி எல்லாம் செய்து கொடுக்கும் சகோதரர். பெறாந்தி என்பது அவருடைய குடும்பப் பேர். தெருப் பிள்ளைகள் நாங்கள் அதைப் 'பிராந்திச் சாமி' என்று ஆக்கிவிட்டோம். ஒரு சொட்டுச் சாராயமும் தொடாத அந்த மனிதர், அதைக் கேட்டு எங்களோடு சேர்ந்து சிரிப்பார்.

என் தகப்பனாரை நாங்கள் 'அப்பு' என்போம். கடற்றொழிலாளி. ஞானஸ்நானப் பேர் பர்னாந்து. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, படித்த ஒருவர் சந்தையில் நாலு பேருக்கு முன்னால், "உது பறங்கி எறிஞ்சுபோட்டுப் போன பேர், அர்த்தம் ஒண்டும் கிடையாது" என்று சொல்லிவிட்டார். அப்பு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வந்த பேர் அது. அதற்குள் ஒன்றும் இல்லை என்றால் மனிதனுக்கு எப்படியிருக்கும்?

சில கிழமை கழித்துப் புதிய வள்ளம் ஒன்று கட்டி முடிந்தது. முன்பலகையில் பேர் வெட்டித் தரும்படி கேட்க, அப்பு என்னையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். பிறதர் பென்சிலால் பலகையில் இங்கிலிசு எழுத்தில் பர்னாந்து என்று எழுதினார். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அதற்குக் கீழே தன் பேரை எழுதி, இரண்டையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

"பர்னாந்து, இது ரண்டும் ஒரே பேர்."

அப்பு நம்பவில்லை. "பகிடி விடாதேங்கோ பிறதர்."

"பகிடி இல்லை. எங்கடை ஊர்ச் சுவாமியார் சொன்னவர். முந்தி வடக்கிலை, குளிர்க் காட்டிலை, செருமன் சனம் இருந்தது. ஒரு பகுதி மலை தாண்டி இத்தாலிக்கு வந்தது. ஒரு பகுதி மேற்கை, பறங்கியின்ரை நாட்டுக்குப் போனது. இத்தாலியிலை பேர் தேய்ஞ்சு பெறாந்தி ஆச்சு. மற்றது பறங்கியின்ரை கப்பலிலை ஏறி இஞ்சை வந்தது."

"அர்த்தம்?" அப்பு கேட்டார்.

"பின்பாதி, துணிஞ்சவன் எண்டு. முன்பாதிக்குச் சிலர் பயணம் எண்டு சொல்லுவினம், சிலர் சமாதானம் எண்டு சொல்லுவினம்."

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பு கண்டவர்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அம்மா மீனுக்குச் செதில் கழற்றியபடியே கேட்டுவிட்டு, "பயணமாய்த்தான் இருக்கும். சமாதானத்தை நான் உங்களிட்டை எங்கை கண்டன்?" என்றார்.

அடுத்த வருடம் இத்தாலியும் இங்கிலிசுக்காரருக்கு எதிராக உலகச் சண்டையில் இறங்கியது. ஒரு காலை, பொலிசுக் கார் ஒன்று கோயில் வாசலில் வந்து நின்றது. இத்தாலிக்காரர் எல்லோரையும் பிடித்து முகாமுக்கு அனுப்ப உத்தரவாம். சனம் கூடிவிட்டது. பிறதர் சீவுளியைக் கையில் பிடித்தபடி நின்றார். கடலிலிருந்து அப்போதுதான் வந்த அப்பு, இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் இன்சுபெற்றருக்கு முன்னால் நின்றார்.

"ஐயா, அவரின்ரை பேரும் என்ரை பேரும் ஒண்டு. அவரைப் பிடிச்சால் என்னையும் பிடியுங்கோ."

"விசர்க்கதை கதையாதை. விலகு."

"விசர் இல்லை ஐயா. வேணுமெண்டால் அவரைக் கேளுங்கோ."

யாரும் சிரிக்கவில்லை. இன்சுபெற்றர் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, "சரி, அவர் கைகால் கழுவிச் சாப்பிடட்டும். பிறகு போவம்" என்றார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். அம்மா ஓடிப்போய்ப் புட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்தார். பிறதர் சாப்பிட்டு எழும்பி, அப்புவின் தோளில் கை வைத்து, "விடு பர்னாந்து. நான் போட்டு வாறன்" என்றார். அப்பு கார் போன புழுதியைப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவர் அழுது நான் கண்டது அன்றுதான்.

நாலு மாதத்துக்குப் பிறகு மலைநாட்டு முகாமிலிருந்து தபாலட்டை வந்தது. 'அன்புள்ள தம்பிக்கு' என்று இங்கிலிசில் தொடங்கியிருந்ததை நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். முகாமிலிருந்து உறவினருக்கு மட்டுமே எழுதலாமென்றும், பேரைக் காட்டித்தான் பிறதர் அனுமதி வாங்கியிருப்பார் என்றும் பங்குச் சுவாமியார் விளக்கினார். அதன் பிறகு நத்தார்ப் பண்டிகை தோறும் அப்பு ஒரு ஓலைக் குட்டான் நிறையப் பனங்கட்டி அனுப்பினார்.

சண்டை முடிந்ததும் அவரைக் கப்பலேற்றப் போகிறார்கள் என்று அறிந்து, அப்பு முதன்முதலாகக் கொழும்புக்கு ரயிலேறினார். துறைமுக வாசலில் பத்து நிமிடம் பார்த்தாராம். திரும்பி வந்து, "நல்லாய் மெலிஞ்சு போனார்" என்று சொல்லிவிட்டு வள்ளத்தைத் தள்ளப் போய்விட்டார்.

பட்டறை இருந்த இடம் இப்போது வெறும் நிலம். பிறகு வந்த போரில் நாங்கள் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு பிறதரின் தபாலட்டைகளும் போயின. அவர் இத்தாலியில் எந்த ஊர் என்பது அப்புவுக்குத் தெரியும். நான் கேட்டு வைக்கவில்லை, அப்புவும் இப்போது உயிரோடு இல்லை. இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு அப்பு, பிறதர் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பூசைக்குப் பேர் கொடுப்பேன். போன முறை, புதிதாக வந்த இளங்குருவானவர் பேர் எழுதிய துண்டை வாசித்துவிட்டு, "பெறாந்தி ஆர் அம்மா?" என்று கேட்டார்.

"என்ரை பெரியப்பா" என்றேன்.