சந்திரம்மா அடைத்த வாசல்

நல்லது செய்யக் கிளம்புகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். காரணம் இருக்கிறது. நானும் அந்தக் கும்பலில் இருந்தவன். செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் சித்திர வாத்தியார். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். ஊரில் யாரைப் பார்த்தாலும் சேவை செய்யத் துடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் ஒரு சேவா சங்கம் வைத்திருந்தோம்.

அந்த வருஷத்துக் கார்த்திகைப் புயல், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தைத் துடைத்துப் போட்டது. புயலுக்கு அசையாத ஒன்பது ஓட்டு வீடுகள் கட்டித் தருவதென்று சங்கம் தீர்மானம் போட்டது. தலைவர் தேசிகன், ஓய்வுபெற்ற ஹெட் கிளார்க். கடற்கரையில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. ஆனால் எதைப்பற்றிக் கேட்டாலும் அபிப்பிராயம் வைத்திருப்பார். வரைபடம் போட்டவன் நான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போவோம். ஆளுக்கு நாலு செங்கல் வைப்போம், புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்போம், உள்ளங்கைக் கொப்புளத்தை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம். திங்கட்கிழமை காலையில், கருங்குழியிலிருந்து வந்திருந்த கொத்தனார் செங்கல்வராயன் நாங்கள் வைத்ததைப் பிரித்து ஒழுங்காக வைப்பார். இதற்குப் பெயர் சிரமதானம். சிரமம் அவருடையது.

அங்கேதான் சந்திரம்மாவைப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயசு இருக்கும். கருவாட்டுக் கூடையோடு திருக்கழுக்குன்றம் வரை நடந்தே போய் விற்றுவிட்டு வருகிறவள். அவள் வாய்க்குப் பயந்து யாரும் பேரம் பேசமாட்டார்கள் என்பார்கள். புயலன்று அவள் புருஷன் வலைக் கொட்டகையில் ஒதுங்கியிருக்கிறான். கொட்டகையின் திறப்பு கடலைப் பார்த்திருந்தது. காற்று உள்ளே புகுந்து கூரையைக் கிளப்பி அவன் மேலேயே போட்டுவிட்டது. அவளுக்கும் மகள் வசந்தாவுக்கும் மிஞ்சியது, ஒன்பதில் ஒரு வீடு உனக்கு என்று நாங்கள் கொடுத்த வாக்குதான்.

நிலைப்படி நிறுத்திய அன்று அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றாள்.

“இன்னா சாமி இது, கடலப் பாத்தா வாசல் வெக்கிறது? எங்க குப்பத்துல எல்லா வூட்டுக்கும் வாசல் மேக்கதான். வாடக்காத்து, கொண்டக்காத்து ரெண்டும் இந்தப் பக்கந்தான் வருது. உள்ள பூந்துச்சின்னா ஓட்டெல்லாம் வாரிக்கினு பூடும்.”

தேசிகன் சிரித்தார். “கிழக்கு வாசல்தானம்மா லக்ஷ்மிகரம். கார்த்தால சூரிய வெளிச்சம் உள்ள வரணும். மேற்க வாசல் வச்சுண்டுதானே இத்தனை நாளும் கஷ்டப்பட்டேள்?”

புருஷனைப் பறிகொடுத்து மூன்று மாசம் ஆகாதவளிடம் பேசுகிற பேச்சா இது? நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். செங்கல்பட்டில் கிழக்கு வாசலைத் திறந்தால் எதிர்வீடு இருக்கும், இங்கே வங்காள விரிகுடா இருக்கிறது என்பது அந்தப் படித்த மண்டைகளில் ஒன்றுக்கும் உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. தலைவர் மனசு கோணுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

பங்குனியில் மாலை மரியாதையோடு வீடுகளைக் கொடுத்தோம். பத்தே நாளில் சந்திரம்மா செங்கல்வராயனைப் பிடித்து, மேற்குச் சுவரை உடைத்து வாசல் வைத்துக்கொண்டாள். கிழக்கு வாசலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டாள்.

தேசிகனுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. “தானம் வாங்கினவளுக்கு இத்தனை திமிரா!” என்றார். சங்கத்தின் வீட்டைச் சேதப்படுத்தியவளை வெளியேற்றி, வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லித் தாசில்தாருக்குக் கடிதம் போயிற்று. எழுதியவன் நான். என் கையெழுத்து அழகாக இருக்குமாம்.

கடிதம் தாலுகா ஆபீசில் மேஜைக்கு மேஜை நகர்ந்துகொண்டிருந்தது. எந்த நாள் சேவகன் வந்து சாமான்களை வெளியே தூக்கிப் போடுவானோ என்று ஆத்தாளும் மகளும் ஏழு மாசம் காத்திருந்தார்கள். சேவகன் வருவதற்குள் ஐப்பசிப் புயல் வந்துவிட்டது. எட்டு வீடுகளின் கதவுகளையும் காற்று பிய்த்தெறிந்தது, உள்ளே நுழைந்தது, ஓடுகளைத் தூக்கிக்கொண்டு போயிற்று. எட்டு வீட்டு ஜனங்களும் சந்திரம்மா வீட்டுக்குள் நெருக்கியடித்து நின்று பிழைத்தார்கள்.

நாலாம் நாள் போட்டோக்காரரோடு போனோம். தேசிகன் சந்திரம்மா வீட்டைப் பார்த்து மெய்ம்மறந்து நின்றார். “பார்த்தேளா, நம்ம வீடு எப்படி நிக்கறது! ஆண்டறிக்கையில போட்டுடணும்.” அப்புறம் முகம் சுளித்தார். “நம்ம பிளான்ல வாசல் கிழக்கேன்னா இருக்கு? மொட்டைச் சுவரா இருந்தா நன்னாயிருக்காது. வாத்தியார், ஒரு கதவு வரைஞ்சுடுங்கோ.”

பையில் கரித்துண்டும் காவிப்பொடியும் வைத்திருந்தேன். வெட்கம் மட்டும் வைத்திருக்கவில்லை. சுவருக்குப் பக்கத்தில் போனேன். சந்திரம்மா குறுக்கே வந்து சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

“கதவு இன்னா, கோபுரமே வேணும்னாலும் வரைஞ்சுக்கோ. மொதல்ல அந்தக் கடுதாசிய வாபஸ் வாங்கிக்கினேன்னு சாமி எழுதிக் குடுக்கட்டும். இந்த வூடு எனுதுன்னு எழுதட்டும். அப்பால நான் நவுர்றேன்.”

“அது ஆபீஸ் விஷயம்மா, இது வேற...” என்று இழுத்தார் தேசிகன்.

“அப்ப அந்த ஓடு போன எட்டு வூட்டையும் போட்டா புடிச்சிக்கினு போ சாமி.”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. போட்டோக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். தேசிகன் கடைசியில் ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார். சந்திரம்மா அதை, சேதம் பார்க்க வந்திருந்த செங்கல்வராயனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டு, இடுப்பில் செருகிக்கொண்டு நகர்ந்தாள். நான் கதவு வரைந்தேன். தாழ்ப்பாள், குமிழ், நிலைப்படியில் மஞ்சள் குங்குமம் எல்லாம் வைத்தேன். ஐந்தடி தள்ளி நின்று பார்த்தால் நிஜக் கதவுதான். அவளுக்கு வீடு கிடைத்ததே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆண்டறிக்கை வந்தது. முதல் பக்கத்திலேயே போட்டோ. கீழே, ‘புயலை வென்ற கிழக்கு வாசல் வீடு’. அதைப் பார்த்து எங்கெங்கிருந்தோ பாராட்டு வந்து குவிந்தது. கோவளத்துப் பக்கம் இன்னொரு குப்பத்துக்கு இதே மாதிரி பன்னிரண்டு வீடுகள் கட்டித் தரும்படி சங்கத்தைக் கேட்டுக்கொண்டார்கள். வரைபடம் என் தலையில்தான் விழுந்தது.

செய்தி எப்படியோ சந்திரம்மாவுக்குப் போய்விட்டது. ஒருநாள் மத்தியானம், கூடையும் கையுமாகச் செங்கல்பட்டுக்கே வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றாள். பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் அவளை அவசரமாக வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனேன்.

“என் வூட்ட நான் காப்பாத்திக்கினேன், வாத்தியாரே. கோவளத்துல கீறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அந்தக் கதவு வெறும் படம்னு உனக்கும் எனக்குந்தான் தெரியும். நான் சொன்னா எவன் கேப்பான்? நீ சொல்லு. சொல்றியா?”

“சொல்றேம்மா” என்றேன்.

அன்று சாயங்காலம் தேசிகன் வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு, பன்னிரண்டு வாசல்களையும் கிழக்கே பார்த்துப் போட்டிருந்த வரைபடத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.