பகவதியம்மாள் பூசை வைத்த எர்த் குழி

1. குன்னூர்க் குளிர்

"குன்னூர்க் குளிரக் கோட்டாறுக்குக் கொண்டாரணுமாம். ஒன்னால முடியுமாலே?" என்று கேட்டார் எங்கள் கடை முதலாளி. வயர்மேன் லைசென்ஸ் எடுத்து அதிக நாள் ஆகவில்லை. முடியாது என்று சொல்லும் வயசும் இல்லை. முடியும் என்று சொல்லிவிட்டுத்தான் என்ன வேலை என்று கேட்டேன்.

கோட்டாற்றில் மிளகும் சுக்கும் மொத்த வியாபாரம் செய்த சிவதாணு அண்ணாச்சியின் வீட்டில் வேலை. ஒரே மகள் நீலம்மையைக் குன்னூரில் ஒரு எஸ்டேட் கிளார்க்குக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாசமோ சித்திரை. கம்பளி போர்த்தித் தூங்கிப் பழகிய உடம்பு, எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் துவண்டுவிட்டது. சோறு இறங்கவில்லை. ஒருநாள் கிணற்றடியில் மயங்கி விழுந்துவிட்டாள். இந்தச் சூடு தாய்க்கும் ஆகாது, வயிற்றுப் பிள்ளைக்கும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே அண்ணாச்சி எங்கள் கடைப் படியேறினார்.

இப்போது பட்டனைத் தட்டினால் அறை குளிர்கிறது. அப்போது எல்லாவற்றையும் நாங்களே சேர்த்துக் கட்டவேண்டும். மதுரையில் ஒரு மில் கழித்துப் போட்ட, பேனோடு சேர்ந்த புளோயர் மோட்டார் கிடைத்தது. அதற்குத் தகரத்தில் பெரிய பெட்டி அடித்து, அறைக்கு வெளியே புறவாசலில் வைத்தோம். பெட்டியின் வாயில் வெட்டிவேர்த் தட்டி, தட்டிக்கு மேல் ஓட்டை போட்ட குழாய், அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். காற்று ஈர வேரைத் தாண்டித் தகரக் குழல் வழியாக, சுவரில் பதித்த இரும்புக் கம்பி அழி வழியே நீலம்மையின் அறைக்குள் வரும். மழைக்காலத்தில் தட்டியைக் கழற்றிவிட்டு ஹீட்டர் காயிலை மாட்டினால் அதே பெட்டி வெதுவெதுப்பான காற்றும் கொடுக்கும். பேன் ஓடாமல் காயில் மட்டும் எரிந்தால் பெட்டி பழுத்துவிடும். அதனால் பேன் சுவிட்சைப் போட்ட பிறகுதான் ஹீட்டருக்குக் கரண்ட் போகும்படி வயர் இழுத்தேன்.

தண்ணீரும் கரண்டும் ஒரே பெட்டிக்குள் குடித்தனம் பண்ணுகிற சமாச்சாரம். உள்ளுக்குள் எனக்குப் பயம்தான். பேஸ், நியூட்ரல் என்ற இரண்டு வயரையும் ஒன்றாக வெட்டும் சுவிட்ச் ஒன்றைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே, கை எட்டுகிற இடத்தில் வைத்தேன். புறவாசலில் ஆளுயரக் குழி தோண்டி, கரியும் உப்பும் மாறி மாறிப் போட்டு எர்த் பைப்பை இறக்கினேன். பைப்பின் வாயில் தண்ணீர் ஊற்ற ஒரு புனலும் வைத்தேன்.

2. காவல்

அண்ணாச்சியின் மனைவி பகவதியம்மாள் எல்லாவற்றையும் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏலே தாசு, கரண்டுக்காரனுக்குக் குழி எதுக்காக்கும்?"

"அக்கா, பெட்டில எங்கயாவது கரண்டு கசிஞ்சா, ஒங்க மகளத் தொடாம இது வழியா பூமிக்குள்ள போயிரும். பியூசும் போயி மோட்டாரு நின்னுரும். ஆனா மண்ணு ஈரமா இருக்கணும், கேட்டேளா. தெனமும் ரெண்டு கொடம் தண்ணி ஊத்துங்கோ. பாத்திரம் கழுவுன தண்ணியானாலும் போதும்."

"அப்பம் எம்மவளுக்கு இதாக்கும் காவல்" என்றார் அவர். குரல் சட்டென்று இறங்கிவிட்டது. ஆமாம் என்றேன்.

நீலம்மை அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாளாம். மறுநாள் காலையில் எனக்கு இலை நிறைய இட்லி கிடைத்தது.

சில வாரம் கழித்து மோட்டாருக்குக் கிரீஸ் வைக்கப் போனேன். புறவாசலில் எர்த் குழியைக் காணவில்லை. அந்த இடத்தில் சிவப்புச் சிமெண்டு பூசிய சின்னப் பீடம். சுற்றிலும் கோலம். தோவாளையிலிருந்து வந்த பிச்சிப்பூச் சரம். ஒரு விளக்கு. என்னுடைய புனல் பூவுக்கடியில் கிடந்தது, ஒரு செம்புத் தட்டு போட்டு மூடி.

"செருப்பக் கழத்திட்டு வாலே" என்றார் பகவதியம்மாள்.

"அக்கா, எங்க தொழிலுக்குச் செருப்புதான் சாமி. தண்ணி ஊத்துறேளா?"

"எச்சித் தண்ணியவா? எம் பிள்ளையக் காக்குற எடத்துலயா? ஒரு சொட்டு விழாமப் பாத்துக்கிட்டிருக்கேன். வேலைக்காரிகூட இந்தப் பக்கம் வாளியோட வரப்படாதுன்னு சொல்லியாச்சு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. டெஸ்ட் லாம்பை எடுத்து ஒரு முனையைப் பேசிலும் மறுமுனையை எர்த் வயரிலும் வைத்தேன். பளிச்சென்று எரியவேண்டிய பல்பு, அணையப்போகும் பீடித் துண்டுபோலக் கொஞ்சமாய்ச் சிவந்தது. சித்திரை வெயிலில் மண் பாளம் பாளமாகக் காய்ந்து, குழி இருந்தும் இல்லாத கதையாகிவிட்டது.

அப்போது அறைக்குள்ளிருந்து நீலம்மை குரல் கொடுத்தாள்; ஜன்னல் வழியே பார்த்தேன். குளித்துவிட்டு, ஈரத்தரையில் வெறுங்காலோடு, அழிக்கு நேராக நின்று தலைமுடியை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"தாஸண்ணே, இந்தக் கம்பி ரெண்டு நாளா எறும்பு மாதிரிக் கடிக்கு. இப்பமும் கடிக்கான்னு பாத்துச் சொல்லட்டா?"

சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள்.

"ஏட்டி! தொடாத!"

கத்திக்கொண்டே சுவிட்சை இழுத்தேன். மோட்டார் ஓய்ந்தது. அவள் விரல் கம்பிக்கு அருகில் அப்படியே நின்றது.

"எம்மவள ஏட்டின்னா விளிச்ச? எவ்வளவு தைரியம் ஒனக்கு?" என்று பகவதியம்மாள் பாய்ந்து வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நான் எதையும் மறைக்கவில்லை. தட்டியில் சொட்டிய தண்ணீர் வயர் வழியாக வழிந்து மோட்டாருக்குள் இறங்கியிருக்கிறது. கசிந்த கரண்டுக்குப் பூமிக்குப் போக வழியில்லை. பெட்டி, குழல், அழி எல்லாவற்றிலும் ஏறி நின்றுகொண்டிருந்திருக்கிறது.

பகவதியம்மாள் விறகுப் புரைக்குப் போய்க் கோடரியை எடுத்து வந்து, தான் பூசவைத்த பீடத்தைத் தானே கொத்தினார். அழுதுகொண்டே கொத்தினார். எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, பூவும் விளக்கும் இருக்கட்டும். சாமிக்கு அபிஷேகம் உண்டுல்லா? அதச் செய்யுங்கோ."

நிமிர்ந்து பார்த்தார். "கெணத்துத் தண்ணி ஊத்தலாமா?"

"பேஷா ஊத்தலாம்."

அன்று முழுக்க மோட்டாரைக் கழற்றி உலர்த்தினேன். வயர் கீழிருந்து மேலே ஏறி மோட்டாருக்குள் நுழையும்படி மாற்றினேன், அப்போதுதான் வழிகிற தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். டெர்மினலுக்கு மேலே தகரக் கூரையும் போட்டேன். குழி நனைந்தபின் டெஸ்ட் லாம்ப் கண் கூசும்படி எரிந்தது.

3. ஆனி மழை

வைகாசிக் கடைசியில் ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். ஆனியில் சாரல் பிடித்ததும், குழந்தைக்குக் குளிருகிறது என்று ஆள் வந்தது. தட்டியைக் கழற்றி ஹீட்டர் காயிலை மாட்டப் போனேன்.

இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு வீட்டில் வேலையை முடித்துவிட்டு, இப்படி இப்படிச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தால் போதாது. நாம் சொன்னது அவர்கள் மனசில் என்னவாகப் போய் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு வரவேண்டும். அதன் பிறகு நான் வயரிங் செய்த எந்த வீட்டிலும் அதைக் கேட்காமல் படியிறங்கியதில்லை.

அன்று காயிலை மாட்டிவிட்டுப் புறவாசலைப் பார்த்தேன். கொட்டுகிற மழையில், தலையில் ஒரு தாழங்குடையோடு, பகவதியம்மாள் குழியில் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, மழையே ஊத்துகே! இனி எதுக்கு?"

"நீ சும்ம கெடலே. மழ ஊருக்குப் பெய்யுது. இது எம் பேரனுக்காக்கும்."

கிணற்றில் இன்னொரு குடம் கோரிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.